என்டர் கீயைத் தாராளமாகத் தட்டுங்கள்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லோரும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இதை வைத்து உருப்படியாக என்ன செய்யலாம்?" கேம்ஸ் ஆடலாம், படம் பார்க்கலாம், கரண்ட் பில் கட்டலாம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். இப்போது கொஞ்ச நாளாக வேறு பதில் சொல்கிறேன். உங்கள் தெருவிலோ குடியிருப்பிலோ யாராவது ஒருவர் தன்னார்வலர்களைத் தேடிப் பட்டியல் போட்டுக்கொண்டிருப்பார். ரத்தம் கொடுக்க ஆள், மாலை வகுப்பு எடுக்க ஆள், பார்வையற்ற மாணவருக்குப் பரீட்சை எழுத ஆள். அந்தப் பட்டியலை வாங்கி, படிக்கிற மாதிரி டைப் செய்து கொடுங்கள். அதற்கு எந்த சாப்ட்வேரும் விலை கொடுத்து வாங்க வேண்டாம். விண்டோஸோடு இலவசமாக வரும் நோட்பேட் போதும்.

"இது ஒரு பெரிய விஷயமா?" என்று நினைக்கிறீர்கள் அல்லவா? நானும் அப்படித்தான் நினைத்தேன், 2019 ஏப்ரல் வரை.

அப்போது நான் எஞ்சினியரிங் கடைசி செமஸ்டர். புராஜெக்ட் மட்டும்தான் பாக்கி, கையில் நேரம் நிறைய இருந்தது. பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்கள் சொல்லச் சொல்லத் தேர்வு எழுதிக் கொடுக்கும் 'ஸ்கிரைப்' வேலைக்கு ஆள் தேடும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் நண்பன் என்னைச் சேர்த்துவிட்டான். வாரம் ஒருமுறை அதில் நீளமான செய்தி வரும். யாருக்கு, எங்கே, எந்தத் தேர்வு என்ற விவரம் எல்லாம் அதில் இருக்கும். அன்று வந்த செய்தி ஏறக்குறைய இப்படி இருந்தது:

"அனைவருக்கும் வணக்கம் வரும் செவ்வாய் பி.ஏ வரலாறு இரண்டாமாண்டு தம்பிக்கு ஸ்கிரைப் தேவை காலை 10 மணி தாம்பரம் பக்கம் புதன் பி.காம் மாணவி பெண்கள் மட்டும் ஆவடி மதியம் 2 மணி ஆங்கிலம் வியாழன் இருவர் தேவை இடம் பிறகு சொல்கிறேன் முதல் தம்பிக்கு பிளஸ் டூ அல்லது காலேஜ் முதல் வருஷம் மட்டும் தமிழில் எழுதணும் போட்டோ 2 ஐடி ஜெராக்ஸ் அவசியம் உதவும் உள்ளங்களுக்கு நன்றி..."

இது பாதிதான். முழுச் செய்தியில் பதினான்கு தேர்வுகள் இருந்தன. நான் 'செவ்வாய், தாம்பரம், காலை 10' வரை படித்தேன். எனக்கு வசதியான நாள், வசதியான இடம். உடனே "நான் வருகிறேன்" என்று பதில் போட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு அந்தக் கல்லூரி வாசலில் நின்றேன். தேர்வுப் பொறுப்பாளர் என் ஐடி கார்டைப் பார்த்தார். "நீங்க எஞ்சினியரிங் ஃபைனல் இயர். பரீட்சை எழுதுறவரை விடக் கீழே படிச்சவங்கதான் ஸ்கிரைபா உட்காரலாம்" என்றார். அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. நானே பதிலைத் திருத்தி எழுதிவிடக் கூடாது என்பதற்காக இருக்கும் விதி அது. மத்திய அரசு 2018 ஆகஸ்டில் வெளியிட்ட வழிகாட்டுதலிலும், தேர்வர் தானே அழைத்துவரும் ஸ்கிரைப் அவரைவிட ஒரு படி குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும் என்றுதான் இருந்தது.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த மாணவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "பரவாயில்லண்ணா, நீங்க தெரிஞ்சு செய்யல" என்றார். அதன்பிறகு நாங்கள் இரண்டு பேரும் கேன்டீன், லைப்ரரி என்று அலைந்தோம். ஃபீஸ் கட்ட வந்திருந்த முதலாண்டு மாணவர் ஒருவர் கிடைத்தார். அவரிடம் போட்டோ இல்லை. அதையும் எடுத்து ஒட்டி, பரீட்சை தொடங்கும்போது மணி பத்து ஐம்பது. போன ஐம்பது நிமிடத்தைக் கடைசியில் யாரும் திருப்பித் தரவில்லை. அந்தப் பேப்பரில் அவருக்கு அரியர் விழுந்தது. நவம்பரில் மறுபடி எழுதித் தேறினார்.

திரும்பும் பஸ்ஸில்தான் அந்தச் செய்தியை முழுசாகப் படித்தேன். நிபந்தனை அதிலேயே இருந்தது! 'முதல் தம்பிக்கு பிளஸ் டூ அல்லது காலேஜ் முதல் வருஷம் மட்டும்.' ஆனால் வியாழக்கிழமைத் தேர்வுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. இது என் தப்பா, பட்டியலின் தப்பா? முக்கால்வாசி என் தப்பு. மீதிக் கால்வாசியைத்தான் இந்தக் கட்டுரையில் பேசப் போகிறேன். ஏனென்றால் அவசரமாகப் படிக்கிற என்னைப் போன்ற ஆட்களை மாற்ற முடியாது. பட்டியலை மாற்றலாம்.

நான் தயங்கித் தயங்கி அந்தப் பட்டியலைத் தயாரிப்பவருக்குப் போன் செய்தேன். ஓய்வு பெற்ற ஆசிரியை. குழுவில் எல்லோருக்கும் அவர் 'டீச்சர்'. "டீச்சர், ஒவ்வொரு தேர்வையும் தனித்தனி வரியாப் போட்டா நல்லா இருக்குமே" என்றேன். அவர் சொன்ன பதிலை நான் எதிர்பார்க்கவே இல்லை.

"எனக்கு ஆசை இல்லையாப்பா? என்டர் தட்டினா அது போயிடுதே!"

டீச்சருக்கு அவருடைய மகன் புது லேப்டாப் வாங்கிக் கொடுத்திருந்தார். அதில் வாட்ஸ்அப்பைத் திறந்து வைத்து டைப் செய்கிறார். கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், என்டர் கீயைத் தட்டினால் அடுத்த வரி வராது, செய்தி அனுப்பப்பட்டுவிடும். இரண்டு முறை பாதிச் செய்தி போய்விட்டதால், என்டர் கீயைத் தொடவே கூடாது என்று டீச்சர் முடிவு செய்துவிட்டார். முப்பது வருடம் கரும்பலகையில் தலைப்புப் போட்டு, எண் போட்டு, அடிக்கோடு போட்டு எழுதியவர். அவருக்கு எப்படிப் பிரித்து எழுதுவது என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கீபோர்டில் ஒரு கீ மேல் இருந்த பயம்தான் பதினான்கு தேர்வுகளை ஒரே பத்தியாக்கியிருந்தது.

நீங்களும் இந்தப் பயத்தில் இருந்தால் கவனியுங்கள். ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டு என்டர் தட்டினால் செய்தி போகாது, அடுத்த வரி வரும். அவ்வளவுதான். இதைவிட நல்ல வழி, முதலில் நோட்பேடில் டைப் செய்வது. அங்கே என்டர் கீயை எத்தனை முறை தட்டினாலும் எதுவும் எங்கும் போகாது. எழுதி முடித்து, ஒருமுறை படித்துப் பார்த்து, கன்ட்ரோல் + ஏ, கன்ட்ரோல் + சி கொடுத்துக் காப்பி செய்து, செய்திக் கட்டத்தில் கன்ட்ரோல் + வி கொடுங்கள். அடுத்த வாரம் அதே ஃபைலைத் திறந்து தேதியையும் இடத்தையும் மாற்றினால் புதுப் பட்டியல் தயார்.

நோட்பேடில் ஒரு எச்சரிக்கை. சொந்தக்காரர் கொடுத்த பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள், ஃபைலைச் சேமிக்கும்போது 'என்கோடிங்' என்ற இடத்தில் யுடிஎஃப்-8 என்று இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே 'ஆன்ஸி' என்று இருந்து, வருகிற எச்சரிக்கையைப் படிக்காமல் ஓகே கொடுத்தால், மறுநாள் உங்கள் தமிழ் எல்லாம் கேள்விக்குறிகளாக நிற்கும். 2019 மே மாதம் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து நோட்பேட் தானாகவே யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கிறது, எனவே புது கம்ப்யூட்டர்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

சரி, வரி பிரிக்கத் தெரிந்துவிட்டது. எதை எந்த வரியில் போடுவது? மேலே பார்த்த செவ்வாய்க்கிழமைத் தேர்வையே நான் இப்போது எழுதினால் இப்படி எழுதுவேன்:

*1. செவ்வாய், 23 ஏப்ரல் 2019, காலை 10 மணி*
யார் வரலாம்: பிளஸ் டூ முடித்தவர் அல்லது கல்லூரி முதலாண்டு மட்டும்
இடம்: தாம்பரம்
தேர்வு: பி.ஏ. வரலாறு, 3 மணி நேரம், கூடுதல் நேரம் 1 மணி
எழுதும் மொழி: தமிழ்
கொண்டுவர: போட்டோ 2, அடையாள அட்டை நகல் 1
நிலை: ஆள் தேவை

இதற்குக் கீழே ஒரு வெற்று வரி. பிறகு 2. அதற்குக் கீழே இன்னொரு வெற்று வரி. பிறகு 3. பதினான்கு தேர்வுகளுக்கும் இதே வரிசைதான்.

'யார் வரலாம்' என்பதை ஏன் இரண்டாவது வரியில் போட்டேன்? ஒருவரை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பக்கூடிய தகவல் எதுவோ, அது முதலில் வர வேண்டும் என்பது என் கட்சி. நாம் வழக்கமாக இதற்கு நேர்மாறாகத்தான் எழுதுகிறோம். வணக்கம், உருக்கமான நான்கு வரி, விவரம், நன்றி, கடைசியில் 'பின்குறிப்பு' என்று நிபந்தனை. கல்யாணப் பத்திரிகை எழுதும் பழக்கம் போகவில்லை! உதவ வருபவர் மனசு நோகக் கூடாது என்று நிபந்தனையைக் கடைசியில் ஒளித்து வைக்கிறார்கள் என்று டீச்சர் ஒருமுறை சொன்னார். அது உண்மைதான். ஆனால் படித்தவுடனே "நமக்குச் சரிவராது" என்று தெரிந்தால் யாருக்கும் மனசு நோகாது. முப்பது கிலோமீட்டர் பஸ்ஸில் போய்த் தெரிந்துகொண்டால்தான் நோகும். இந்த விதிகளும் எல்லா இடத்திலும் எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. அதனால் 'யார் வரலாம்' வரியைப் போன தடவைப் பட்டியலிலிருந்து அப்படியே காப்பி அடிக்காமல், தேர்வு நடத்துபவர்கள் இந்த முறை கொடுத்த கடிதத்தைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

கூடுதல் நேரத்தையும் எழுதுங்கள். அந்த 2018 வழிகாட்டுதலில் ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும் என்று இருந்தது. அப்படியானால் மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரம் ஆகும். இது தெரியாமல் வந்து, பாதியில் "எனக்கு ஆபீஸ் இருக்கு" என்று கடிகாரத்தைப் பார்க்கும் ஸ்கிரைபுகளை நான் பார்த்திருக்கிறேன். சொல்கிறவருக்கு அது எவ்வளவு பதற்றம் தரும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்து தேதி. 'வரும் செவ்வாய்', 'நாளை', 'இன்று மாலை' இந்த மூன்றையும் பட்டியலிலிருந்து ஒழித்துவிடுங்கள். செய்தி யாரிடம் எப்போது போய்ச் சேரும் என்று நமக்குத் தெரியாது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தது நினைவிருக்கும். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. நான் அப்போது காலேஜ் முதல் வருஷம். சாப்பாட்டுப் பொட்டலம் கட்ட ஆள் வேண்டும், படகு வேண்டும், பால் பவுடர் வேண்டும் என்று செல்போனில் செய்திகள் கொட்டின. அதில் 'நாளை காலை 7 மணிக்கு 20 பேர் தேவை' என்று ஒரு செய்தி. எந்த நாளை? வெள்ளம் வடிந்த பிறகும் அந்த 'நாளை' ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தது. நாங்கள் நான்கு பேர் ஒரு மண்டபத்துக்குப் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தோம். எங்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. அதே காலையில் நாங்கள் வேறு ஓர் இடத்தில் தேவைப்பட்டிருப்போம், அது போயிற்று. கிழமை, தேதி, மாதம், வருடம் நான்கையும் எழுதுங்கள். வருடம் எதற்கு என்று கேட்காதீர்கள். ரத்தம் கேட்டு வரும் செய்திகளில் எத்தனை போன வருடத்துச் செய்திகள் என்பது உங்களுக்கே தெரியும்.

என் ஆபீஸில் ஒரு நண்பர் இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தார். "உண்மையிலேயே உதவணும்னு நினைக்கிறவன் எப்படி இருந்தாலும் முழுசாப் படிப்பான்டா" என்றார். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நாங்கள் இருவரும் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யும் வேலையில், புரோகிராமில் ஒரு தவறு இருப்பதை இன்னொருவருக்கு எழுதும்போது எப்படி எழுதுகிறோம்? எந்தப் பதிப்பு, என்ன செய்தபோது வந்தது, என்ன வந்திருக்க வேண்டும், என்ன வந்தது என்று வரி வரியாக எழுதுகிறோம். ஒரே பத்தியாக எழுதினால் அந்த நண்பரே திருப்பி அனுப்பிவிடுவார். சம்பளம் வாங்குகிறவரின் கண்ணுக்கு இவ்வளவு சலுகை கொடுக்கும்போது, லீவு நாளில் சொந்தக் காசில் பஸ் ஏறி வருபவருக்கு ஏன் கொடுக்கக் கூடாது?

இப்போது அலங்கார விஷயத்துக்கு வருகிறேன். மேலே உள்ள எடுத்துக்காட்டில் முதல் வரியின் இரண்டு பக்கமும் நட்சத்திரக் குறி இருக்கிறது பாருங்கள். வாட்ஸ்அப்பில் இப்படிப் போட்டால் அந்த வரி தடித்த எழுத்தாக மாறும். 2016-ல் வந்த வசதி இது. நட்சத்திரத்துக்கும் எழுத்துக்கும் இடையில் இடைவெளி விடக் கூடாது, விட்டால் நட்சத்திரம் நட்சத்திரமாகவே நிற்கும். இந்த வழக்கம் வாட்ஸ்அப் கண்டுபிடித்தது அல்ல. வெறும் எழுத்தை மட்டுமே அனுப்ப முடிந்த பழைய ஈமெயில் காலத்திலேயே மக்கள் ஒரு சொல்லை அழுத்திச் சொல்ல இப்படித்தான் நட்சத்திரம் போட்டார்கள். ஜான் குரூபர் என்பவர் 2004-ல் 'மார்க்டவுன்' என்ற எழுத்து முறையை உருவாக்கியபோதும் அந்த ஈமெயில் பழக்கத்தைப் பார்த்துத்தான் செய்தார். இதில் எனக்குப் பிடித்த விஷயம், தடித்த எழுத்தாக மாறாத இடத்தில்கூட, வெறும் எஸ்எம்எஸ்ஸில்கூட, நட்சத்திரம் போட்ட வரி தனியாகத் தெரிகிறது.

தமிழுக்கு இது கூடுதலாகத் தேவைப்படுகிறது. ஆங்கிலத்தில் முக்கியமான சொல்லை கேப்பிட்டல் எழுத்தில் எழுதிவிடலாம். தமிழில் கேப்பிட்டல் கிடையாது. அதனால்தானோ என்னவோ நம் ஆட்கள் ஆச்சரியக்குறியையும் கைகூப்பும் படங்களையும் வாரி இறைக்கிறார்கள். அதற்காக எல்லாவற்றையும் தடித்த எழுத்தில் போட்டுவிடாதீர்கள். தமிழ் எழுத்துகளில் சுழி அதிகம். 'ண', 'ணை', 'ஐ' போன்றவை சின்ன செல்போன் திரையில் தடித்த எழுத்தில் வந்தால் சுழி அடைத்துக்கொண்டு கறுப்புப் புள்ளியாகத் தெரியும். தேதி இருக்கும் ஒரு வரிக்கு மட்டும் போதும்.

இன்னொரு தவறு, ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டிக் கட்டம் கட்டுவது. தேதி ஒரு பத்தி, இடம் ஒரு பத்தி, நேரம் ஒரு பத்தி என்று நேர்க்கோட்டில் நிறுத்தப் பாடுபடுவார்கள். உங்கள் கம்ப்யூட்டர் திரையில் அது அழகாக நிற்கும். செல்போனுக்குப் போனதும் வரி மடங்கி, ஒருவரின் நேரம் இன்னொருவரின் இடத்துக்குக் கீழே வந்து நிற்கும். தமிழில் 'ர' ஒல்லி, 'ஞௌ' குண்டு. இவற்றை வைத்து இடைவெளியால் கோடு பிடிக்கவே முடியாது. 'இடம்:' என்று பெயர் போட்டு எழுதிவிட்டால் எங்கே மடங்கினாலும் கவலை இல்லை.

இதைவிடப் பெரிய தவறு படம். பட்டியலைக் கலர் போஸ்டராகச் செய்து அனுப்புவது. போஸ்டர் அதிகம் பேரிடம் போய்ச் சேருகிறது, அதை நான் மறுக்கவில்லை. 'ஸ்கிரைபாக வாருங்கள்' என்று பொதுவாக அழைக்கப் போஸ்டர் நல்லதுதான். ஆனால் பதினான்கு தேர்வுகளின் விவரத்தைப் படமாகப் போட்டால், 'ஆவடி' என்று டைப் செய்து தேட நினைப்பவருக்கு அது அகப்படாது. போன் நம்பரைத் தொட்டுக் கூப்பிட முடியாது. இடம் மாறிவிட்டால் ஒரு சொல்லைத் திருத்தப் போஸ்டர் செய்தவரைத் தேடிப்பிடிக்க வேண்டும். போஸ்டர் போட்டே தீர வேண்டும் என்றால் அதே விவரத்தை எழுத்தாகவும் கீழே போட்டுவிடுங்கள்.

போஸ்டரைப் பற்றி நான் இவ்வளவு கோபமாகப் பேசுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. இந்தப் பட்டியலை முதலில் சரிபார்க்க வேண்டியவர் யார்? தேர்வு எழுதப் போகும் மாணவர்தான். தன் தேதியும் பாடமும் சரியாக வந்திருக்கிறதா என்று அவர் பார்க்க வேண்டும். அவர் கம்ப்யூட்டரையோ செல்போனையோ 'ஸ்கிரீன் ரீடர்' மூலம் காதால் படிக்கிறார். எழுத்தாக இருப்பதைத்தான் அது ஒழுங்காக வாசிக்கும். படத்தின் முன்னால் பெரும்பாலும் 'படம்' என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். இப்போது சில செயலிகள் படத்தில் உள்ள எழுத்தையும் படித்துச் சொல்ல முயல்கின்றன. ஆனால் பூ வேலை செய்த போஸ்டர் தமிழில் தேதியைத் தப்பாகச் சொல்லாது என்று யார் உத்தரவாதம் தருவது?

தாம்பரத்தில் எனக்காகக் காத்திருந்த அந்த மாணவர் இப்போது ஒரு வங்கியில் வேலை பார்க்கிறார். நான் பெருமையோடு செய்த முதல் பட்டியலை அவருக்குத்தான் அனுப்பினேன். ஒவ்வொரு தேர்வுக்கும் நடுவில் சமக்குறிகளால் நீளமாகக் கோடு, இடத்துக்கு முன்னால் ஒரு சிவப்பு ஊசிப் படம், நேரத்துக்கு முன்னால் ஒரு கடிகாரப் படம். கண்ணுக்கு ஜம்மென்று இருந்தது. அவர் போன் செய்தார்.

"அண்ணா, லிஸ்ட் நல்லா இருக்கு. ஆனா உங்க கோட்டை அது 'ஈக்வல் ஈக்வல் ஈக்வல்'னு வாசிக்குது. ஒவ்வொரு படத்துக்கும் இங்கிலீஷ்ல பேர் சொல்லுது. என் பேப்பர் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள காது வலிச்சிடுச்சு."

அன்றோடு கோடும் படமும் போயிற்று. வெற்று வரி போதும் என்றார். 'ஆள் கிடைத்துவிட்டது' என்பதைக் காட்ட அந்த வரியின் குறுக்கே நான் கோடு அடித்திருந்தேன். அதையும் அவர்தான் தடுத்தார். குறுக்குக் கோடு அவருக்குக் கேட்கவில்லை, அந்த இடம் காலியாக இருப்பதாகவே கேட்டதாம். அதனால்தான் 'நிலை:' என்று ஒரு தனி வரி வந்தது. அதில் எழுத்தாலேயே 'ஆள் தேவை' அல்லது 'ஆள் கிடைத்துவிட்டது' என்று எழுதுகிறேன். கண் தெரிந்தவர்களுக்கும் அது வசதியாகத்தான் இருக்கிறது.

இதை நீங்களே வீட்டில் சோதிக்கலாம். விண்டோஸில் 'நரேட்டர்' என்ற ஸ்கிரீன் ரீடர் உள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் கீ, கன்ட்ரோல் கீ இரண்டையும் பிடித்துக்கொண்டு என்டர் தட்டினால் பேசத் தொடங்கும். மறுபடி அதையே செய்தால் நிற்கும். (நிறுத்தத் தெரியாமல் பயந்து கம்ப்யூட்டரையே ஆஃப் செய்த என் சித்தப்பாவுக்காக இதைச் சொல்கிறேன்.) செட்டிங்ஸில் பேச்சுப் பகுதிக்குப் போய்த் தமிழ்க் குரலைச் சேர்த்துக்கொண்டால் தமிழையும் வாசிக்கும். மைக்ரோசாஃப்ட் அந்தக் குரலுக்கு வைத்திருக்கும் பெயர் 'வள்ளுவர்'! இன்னும் நன்றாக வேண்டும் என்றால் 'என்விடிஏ' என்ற இலவச சாப்ட்வேர் இருக்கிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் 2006-ல் தொடங்கியது. அவரும் பார்வையற்றவர். திரையை அணைத்துவிட்டு உங்கள் பட்டியலைக் காதால் கேளுங்கள். ஐந்தாவது தேர்வின் இடம் எது என்று உங்களால் சொல்ல முடிந்தால் பட்டியல் தேறிவிட்டது.

போன் நம்பரைப் பற்றி ஒரு வார்த்தை. பட்டியலில் மாணவரின் நம்பரைப் போடாதீர்கள், குறிப்பாக மாணவிகளின் நம்பரை. ஒருங்கிணைப்பவரின் நம்பர் ஒன்று, கடைசியில் ஒரே ஒரு முறை. செய்தி எத்தனை பேரிடம் போகும் என்று நமக்குத் தெரியாது என்று முன்பே சொன்னேன் அல்லவா? தேதிக்குச் சொன்னது இதற்கும் பொருந்தும். மாணவர் பெயரும் வேண்டாம், எண்ணே போதும். "மூணாம் நம்பருக்கு நான் வர்றேன்" என்று பதில் போடுவதும் எளிது.

எக்ஸெல் பைத்தியங்கள் சிலர் "இதை ஏன் ஷீட்டில் போடக் கூடாது?" என்பார்கள். போடலாம். டீச்சரின் கணக்குக்கு, யார் எத்தனை முறை வந்தார்கள் என்று பார்க்க, எக்ஸெல் மாதிரி வராது. ஆனால் ஓடும் பஸ்ஸில் ஒரு கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையில் செல்போனைப் பார்ப்பவரிடம் பன்னிரண்டு பத்தி ஷீட்டை நீட்டினால், அவர் பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுப் பாக்கெட்டில் போட்டுவிடுவார். அவருக்கு வேண்டியது ஏழு வரி.

டீச்சர் இப்போது ஷிஃப்ட் + என்டரில் கைதேர்ந்துவிட்டார். நோட்பேட் ஃபைலுக்கு 'மாதிரி' என்று பெயர் வைத்திருக்கிறார். அதைத் திறந்து வேறு பெயரில் சேமித்துவிட்டுத்தான் டைப் செய்யவே தொடங்குவார். என்னைவிட ஒழுங்கு. போன ஞாயிறு ஒன்பது தேர்வுகளின் பட்டியலை எனக்கு அனுப்பிவிட்டு, இரண்டு நிமிடத்தில் போன் செய்தார்.

"ரெண்டாம் நம்பர்ல 'நிலை' போட மறந்துட்டேன்ப்பா. யாருக்கும் அனுப்பிடாத, திருத்தித் தர்றேன்."

"சரி டீச்சர்" என்றேன். ஏழாம் நம்பரிலும் மறந்திருந்தார். அதையும் சொன்னேன்.